ஐயா மிதித்த பாட்டு

அந்தப் பாடகருக்கு அறுபது வயதிருக்கும் என்று வீட்டாருக்குச் சொன்னது நான்தான். நரைத்த தாடி இருக்கும் என்றும், தேவாலயத்தில் போதகராக இருந்து ஓய்வு பெற்றவராக இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான். ஆகவே மறுத்துச் சொல்ல எவருமில்லை.

"ஓமோம், குரலிலையே தெரியுது," என்றார் ஐயா.

ஐயா என்றால் என் அப்பா. சண்டிலிப்பாயில் புகையிலையும் வெங்காயமும் செய்கிற தோட்டக்காரர். பள்ளிக்கூடத்தில் அவர் இருந்த காலம் மிகக் கொஞ்சம், அம்மாவுக்கு அதுவுமில்லை. எங்கள் பரம்பரையில் எழுத்துக் கூட்டி வாசிப்பதைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தலைக்கனம் எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதை நான் ஒரு குறையாக எண்ணுவதில்லை.

போரில் மின்சாரம் இல்லாமற்போய் அப்போது மூன்றாவது வருடம். பற்றறி என்பது விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருகிற சாமான். ஆகவே எங்கள் ஊரில் எல்லோரும் பாட்டை மிதித்துத்தான் கேட்டோம். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சில்லு நிலத்தில் படாமல் நிறுத்த வேண்டும். முன் விளக்கை எரியவைக்கிற டைனமோவைப் பின் டயரோடு உரசவிட வேண்டும். அதிலிருந்து வரும் வயர்களை, சந்தியிலுள்ள றேடியோக் கடைக்காரர் செய்து தந்த சின்னத் தகரப்பெட்டி வழியாக ரேப் ரெக்கோடருக்குள் கொடுக்க வேண்டும். பிறகு யாராவது சீற்றில் ஏறி இருந்து மிதிக்க வேண்டும். மிதித்தால் பாட்டு, நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் மிதிக்கிற வேலை ஐயாவுடையது. மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கும் மெசின் கொட்டிலில் கோழிகள் ஏறிப் படுக்கிற இடமாகிவிட்டது. ஐயா பழையபடி துலா மிதிக்கத் தொடங்கியிருந்தார். கிணற்றுக்கு மேலே நீண்டு நிற்கும் அந்த மரத்தில் முன்னுக்கும் பின்னுக்குமாக நடந்து நடந்து நீர் இறைப்பது. அவசரப்பட்டால் ஆள் கிணற்றுக்குள்தான். துலாவில் என்ன வேகமோ அதே வேகம்தான் சைக்கிளிலும். அவருடைய கால்களுக்கு அந்த ஒரு வேகம்தான் தெரியும்.

கசற்றைத் தந்தது என் வகுப்புச் சிநேகிதி. பட்டணத்துப் பிள்ளை, வேதக்காரி. அவர்களுடைய தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவள். நோர்வேயில் இருந்த அவளுடைய அண்ணை அனுப்பிய கசற் அது. கொழும்பிலிருந்து யாரோ ஒரு மாமியின் சேலை மடிப்புக்குள் வந்தபடியால் அதற்கு உறையுமில்லை, படமுமில்லை. மேலே ஒட்டியிருந்த தாளும் வழியிலேயே உரிந்துபோயிருந்தது.

"கிறிஸ்தவ ரொக் பாட்டு. முழு அல்பமும் இருக்கு. ரேப்பைச் சிக்கவிடாமல் திருப்பித் தா," என்றாள்.

யார் பாடியது என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், எனக்கு அது தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். ஆகவே, "ஓ, அதோ?" என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் ஐயா தோட்டத்தால் வந்து கால் முகம் கழுவிய கையோடு சைக்கிளில் ஏறினார். அம்மா முற்றத்தில் இருந்து வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார். முதலில் ரேப்புக்குள் ஏதோ முனகியது. பிறகு வயலின்கள், பாரம் ஏற்றிய வண்டிலின் அச்சுப்போல, இழுபட்டு இழுபட்டு வந்தன. அவற்றுக்கு மேலே 'குவாக், குவாக்' என்று வேறொரு சத்தம்.

"உதென்ன, மாரித் தவளையோ?" என்று அம்மா கேட்டார்.

"அது எலெக்ரோனிக் அம்மா. மெசினாலை செய்யிற சத்தம்."

"உதைச் செய்ய ஒரு மெசினோ? எங்கடை வாய்க்காலிலை சும்மா கேக்கலாமே."

"நீர் கொஞ்சம் பேசாமல் இரும்," என்றார் ஐயா. "பிள்ளை, உது என்ன வகைப் பாட்டு?"

"ரொக், ஐயா."

"அப்பிடியெண்டால்?"

எனக்குத் தெரிந்தது அந்தச் சொல்லுக்குக் கல் என்ற பொருள் மட்டும்தான். "கல்லு," என்றேன். "கல்லு மாதிரி உறுதியான பக்தி."

ஐயா மதிப்போடு தலையை ஆட்டினார். அந்த நேரத்தில்தான் பாடகர் பாடத் தொடங்கினார். ஆழமான, கனத்த குரல். ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, மெல்லக் கீழே வைக்கிற மாதிரிப் பாடினார். அப்போதுதான் தாடியும் அறுபது வயதும் என் வாயிலிருந்து வந்தன. அவ்வளவு ஆறுதலாக, அவசரமே இல்லாமல் பாடியபடியால் எனக்கு முக்கால்வாசிச் சொற்கள் விளங்கின. அதில் வந்த பெருமையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என்ன சொல்லுறார்?"

"ஆண்டவரே, நான் ஓடி வாறன், கதவைப் பூட்டிப்போடாதையும் எண்டு சொல்லுறார், ஐயா."

ஐயா மிதித்தபடியே கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டார். "ஓடி வாறார் எண்டு சொல்லுறாய். ஆள் நடந்துதானே வாறார்?"

"வயசுபோன மனுசன், ஐயா. மனசாலை ஓடுறார்."

"ஓ," என்றார் ஐயா. பிறகு, "பாவம், முழங்கால் வருத்தமாக்கும்," என்றார்.

அன்றிலிருந்து பாடகர் எங்கள் வீட்டு ஆளாகிவிட்டார். அந்த அல்பத்தில் இன்னும் பல பாட்டுகள் இருந்தன. ஒன்றில் தவில்காரர் நித்திரை தூங்கித் தூங்கி அடிப்பதுபோல மேளம் வரும். இன்னொன்றில் ஒரு பெரிய வயலின் கூட்டமே சேர்ந்து மெல்ல அழும். ஐயாவுக்கு ஓடி வருகிற பாட்டுத்தான் வேண்டும். தோட்டத்தால் வந்ததும், "அவரை ஒருக்காப் போடு பிள்ளை," என்பார். குண்டு போடுகிற பொம்மர் வந்து சுற்றிவிட்டுப் போன நாட்களில், பங்கர்க் குழியால் ஏறி வந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "அவரைப் போடு," என்பார்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு இப்ப அவர்தான் வேணும். நான் தேத்தண்ணி வைச்சது கண்ணுக்குத் தெரியாது," என்று அம்மா சொல்லுவார்.

"நீரும் ஏறி மிதிச்சுப் பாருமன். அப்ப தெரியும்."

அம்மா ஒருநாள் ஏறினார். வீட்டுக்குள்ளே மட்டும், வெளியில் ஆட்கள் பார்ப்பார்கள் என்று கதவைச் சாத்திவிட்டு. அம்மா மிதித்தபோது பாடகருக்கு மயக்கம் வந்துவிட்டது. இன்னொரு நாள், மாடு கட்டவிழ்த்துக்கொண்டு கத்தரிக்குள் இறங்க, ஐயா சைக்கிளால் குதித்து ஓடினார். பாடகர் 'ஆண்டவரே' என்ற சொல்லின் நடுவில் உயிரை விட்டார்.

பாடசாலையில் சிநேகிதி அவ்வப்போது கேட்பாள். "எப்பிடி, பிடிச்சிருக்கோ?"

"எங்கடை வீட்டிலை இப்ப எந்த நேரமும் அவர்தான். ஐயா அவர் இல்லாமல் தேத்தண்ணியும் குடிக்க மாட்டார்," என்பேன்.

அவள் கண்கள் கலங்கி என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஒரு கசற்றுக்கு ஏன் இவ்வளவு உருகுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பட்டணத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

அந்த வகுப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: புகையிலை. புகையிலை உலர்த்துகிற காலத்தில் என் சீருடையிலும் புத்தகங்களிலும் அந்த வாசம் ஏறிவிடும். பட்டணத்துப் பிள்ளைகள் சிலர் நான் ஆங்கிலத்தில் வாய் திறந்ததும் மூக்கைச் சுளித்து, பிறகு நான் சொன்னதையே என்னைப்போல இழுத்துச் சொல்லிக் காட்டுவார்கள். கெட்ட பிள்ளைகள் அல்லர். கேலி செய்ய ஆள் கிடைத்தால் செய்கிற வயது. எனக்கு ஆள் கிடைத்திருந்தாலும் நானும் செய்திருப்பேன்.

ஆங்கில தினம் வந்தது. தனிப்பாட்டுப் போட்டிக்கு ஆர் நிற்கிறீர்கள் என்று ரீச்சர் கேட்டு முடிக்கமுன் என் கை உயர்ந்துவிட்டது. வகுப்பு திரும்பிப் பார்த்தது. சிநேகிதி, தான் ஆர்மோனியம் வாசிப்பதாகச் சொன்னாள். என்ன பாட்டு என்று ரீச்சர் கேட்க, இருவரும் ஒரே பாட்டை, அந்த ஓடி வருகிற பாட்டைச் சொன்னோம்.

பாட்டு நன்றாக அமைந்தால் புகையிலை என்ற பெயர் அந்த மண்டபத்தோடு போய்விடும் என்று நினைத்தேன். சறுக்கினால் உயர்தரம் முடிகிறவரை நான் புகையிலைதான். அது போதாதென்று பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். ஐயா அந்தப் பாடசாலைக்குள் அதற்குமுன் காலடி வைத்ததேயில்லை. என்னைக் கொண்டுவருகிற நாட்களிலும் வாசலோடு இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். இந்த முறை, சந்தையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

"வாற வெள்ளி நான் சந்தைக்கு வரமாட்டன். மகள் இங்கிலிசிலை பாடுறா."

"இங்கிலிசோ? உனக்கு விளங்குமோ?" என்று ஒருவர் கேட்டாராம்.

"எனக்கு அந்தப் பாட்டு முழுக்கப் பாடம்," என்று ஐயா சொன்னாராம். அது பொய்யில்லை. எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் பள்ளம் என்று அவருடைய கால்களுக்குப் பாடமாகத்தான் இருந்தது.

நிகழ்ச்சிக்கு நாலைந்து நாள் இருக்கும்போதுதான் மண்டபத்தில் ஒத்திகை பார்க்க இடம் கிடைத்தது. அங்கே இருந்த ஆர்மோனியம் பெரியது. கீழே இரண்டு பலகைகளைக் காலால் மாறி மாறி மிதித்தால்தான் அதற்கு மூச்சு வரும். சிநேகிதி உட்கார்ந்து, மிதித்து, வாசிக்கத் தொடங்கினாள். பஸ்ஸைத் தவறவிட்டவள் ஓடுகிற மாதிரி வாசித்தாள். நான் என் பாட்டில் என் வேகத்தில் பாடத் தொடங்கினேன். முதல் வரியை நான் முடிக்கமுன் அவள் முதல் பகுதியை முடித்துவிட்டாள்.

"எடி, நீ என்ன செத்தவீட்டிலையோ பாடுறாய்?"

"நீ ஏன் வீடு பத்தியெரியிற மாதிரி வாசிக்கிறாய்? அவர் இப்பிடியோ பாடுறவர்?"

"எவர்?"

"பாடுறவர்தான். அந்த வயசுபோனவர்."

அவள் காலை எடுத்துவிட்டாள். ஆர்மோனியம் நீண்ட பெருமூச்சோடு அடங்கியது. "எடி," என்றாள் மெதுவாக, "நீ இவ்வளவு நாளும் ஆரைக் கேட்டனீ?"

பாடசாலை விட்டதும் அவள் வீட்டுக்குப் போனோம். பெற்றோல் இல்லாமல் கல்லில் ஏற்றி வைத்திருந்த அவர்களுடைய காரின் பற்றறி விறாந்தையில் இருந்தது. அதில் ரேப் ரெக்கோடரைப் பூட்டினாள். கசற்றை என் பையிலிருந்து எடுத்துப் போட்டாள்.

ஒரு பெண் பாடினாள். இருபத்திரண்டு வயதுக்குமேல் மதிக்க முடியாது. தெளிந்த, உயர்ந்த, மூச்சிரைக்கிற குரல். தவளை என்று நாங்கள் நினைத்த சத்தம், தகரக் கூரையில் விழுகிற முதல் மழைத்துளிகளாகத் தெறித்தது. நித்திரை தூங்கிய மேளம் கால்களை நிற்கவிடவில்லை. அழுதுகொண்டிருந்த வயலின் கூட்டம், வயலில் கல்லெறிந்தால் கிளம்புகிற கொக்குக் கூட்டம்போல ஒன்றாக எழும்பியது. எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் ஓடினாள். மனதால் அல்ல, உண்மையாகவே ஓடினாள். கதவு பூட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று கேட்கிற எவருக்கும் தெரியும்.

என் கண்முன்னால் நரைத்த தாடி மயிர் மயிராக உதிர்ந்து விழுந்தது.

சைக்கிள், டைனமோ, துலா வேகத்தில் மெல்லச் சுற்றிய ரேப் எல்லாவற்றையும் சொன்னேன். சிநேகிதி சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. திடீரென்று சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அப்ப, 'எங்கடை வீட்டிலை எந்த நேரமும் அவர்தான்' எண்டு நீ சொன்னது?"

"பாடகரைத்தான்."

"எடி விசரி! நான் ஆண்டவரை எண்டெல்லோ நினைச்சனான்! உன்ரை ஐயாவுக்காக ஜெபம் வேறை செய்தனான்!"

"அதுக்கென்ன, வீண்போகாது. அவருக்கும் முழங்கால் நோகிறதுதான்," என்றேன்.

சிரித்து முடிந்ததும் அவள் உண்மையான சங்கதியைச் சொன்னாள். அந்த அல்பம் அவர்களுடைய தேவாலயத்துப் பிள்ளைகள் எல்லோரிடமும் சுற்றி வந்தது. எல்லோருக்கும் பாடம். மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். "நீ அப்பிடி இழுத்தியெண்டால் முதல் வரியிலையே சிரிச்சுப்போடுவினம். உன்னாலை கெதியாய்ப் பாடேலுமோ?"

"ஏன் ஏலாது?" என்றேன். வேறு எதைச் சொல்வது?

வீட்டுக்கு வந்து ஐயாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பொம்பிளைப் பிள்ளையோ? விசர்க் கதை கதையாதை. நான் எத்தினை நாள் அந்த மனுசனோடை இருந்திருக்கிறன்."

"கெதியாய் மிதியுங்கோ, தெரியும்."

ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். வழக்கமான வேகத்தில் அந்த வயதுபோனவர் வந்தார். "இன்னும் கெதியாய்," என்றேன். பாடகரின் குரல் கொஞ்சம் இளைத்தது. "இன்னும்!" ஸ்டாண்ட் ஆடியது, டைனமோ கத்தியது, ஐயாவின் நெற்றி நரம்பு புடைத்தது. தாடி போய், வயது போய், சட்டென்று அந்தப் பெண் முற்றத்துக்குள் வந்து நின்று பாடினாள்.

அம்மா கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டார். "ஐயோ, ஆர் உது?"

"அவதான் அம்மா, உண்மையான ஆள்."

"பாவம் பிள்ளை, ஆரோ பின்னாலை கலைச்சுக்கொண்டு வாறாங்கள்போலை."

அரைப் பாட்டுக்குக்கூட ஐயாவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மூச்சு வாங்க வாங்க, அந்தப் பெண்ணின் குரல் தடித்து, வயதேறி, பழைய மனிதரிடம் வந்து நின்றது. ஐயாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. யாரோ வெளியூருக்குப் போய்த் திரும்பி வந்த மாதிரி.

"அந்தப் பிள்ளை நல்லாய்த்தான் பாடுது," என்றார், துவாயால் கழுத்தைத் துடைத்தபடி. "ஆனா எனக்கு எங்கடை ஆள் போதும். துலாவிலை உந்த ஓட்டம் ஓடினால் என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும்."

முன்வரிசை சிரிக்கும், நான் வேகமாகப் பாட வேண்டும் என்ற மிச்சத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. கிணற்றடியிலும் பாடசாலைக்குப் போகிற வழியிலும் வேகமாகப் பாடிப் பாடிப் பழகினேன். ஆறுதலாகப் பாடியபோது அழகாக இருந்த என் ஆங்கிலம், வேகமாகப் பாடும்போது பனங்கொட்டைகளை வாய்க்குள் போட்டு உருட்டுவதுபோல இருந்தது. ஆனாலும் வேகமாகத்தான் பாடுவது என்று முடிவெடுத்தேன். முன்வரிசை சிரிப்பதை என்னால் தாங்க முடியாது.

வெள்ளிக்கிழமை அம்மா எனக்குச் சேலை உடுத்திவிட்டார். மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று தான் வரவில்லை. தலைக்குப் பூ வைத்துக்கொண்டே காதுக்குள் கேட்டார்:

"பிள்ளை, ஆரைக் கொண்டு போறாய்? அவரையோ, அவவையோ?"

"அவவைத்தான்," என்றேன்.

"கொப்பர் பாவம்," என்றார் அம்மா. 

கொப்பர், அதாவது ஐயா, தோய்த்துக் கல்லில் அடித்த வேட்டியோடும் சால்வையோடும் முற்றத்தில் நின்றார். சேலை செயினில் படக்கூடாதென்று என்னைக் கரியரில் பக்கவாட்டில் இருத்தி, மானிப்பாய், ஆனைக்கோட்டை வழியாகப் பட்டணத்துக்கு மிதித்தார். வழியெல்லாம் மெல்ல முனகிக்கொண்டு வந்தார். எந்தப் பாட்டு என்று சொல்லத் தேவையில்லை. எந்த வேகம் என்றும்.

மண்டபத்தில் ஐயா பின்வரிசை வாங்குப் பலகையில் போய் ஒடுங்கி உட்கார்ந்தார். முன்வரிசையில் தேவாலயத்துப் பிள்ளைகள். என் பெயர் கூப்பிட்டதும் யாரோ மூக்கை உறிஞ்சிக் காட்டினார்கள். பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்தினாள். நான் மேடையில் ஏறினேன். சிநேகிதி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, உரிய வேகத்தில் தொடங்கினாள். முன்வரிசைக்குப் பாட்டு உடனே தெரிந்துவிட்டது. கால்களால் தாளம்போடத் தொடங்கினார்கள்.

நான் வாயைத் திறந்தேன். அவர் வந்தார்.

வேண்டுமென்று செய்ததல்ல. இத்தனை வாரம் காதுக்குள் இருந்தவர் அந்த நேரம் பார்த்து முந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார். முதல் சொல் அவ்வளவு நீளமாக, ஆறுதலாக வந்தது. ஆர்மோனியம் முன்னால் ஓடிப்போய், நான் வரவில்லை என்று கண்டு, தடுமாறியது. சிநேகிதியின் கால் நின்றுவிட்டது. ஆர்மோனியத்தின் சத்தம் அப்படியே இறங்கி, தடித்து, முனகி, அடங்கப் போனது. முன்வரிசையில் சிரிப்புத் தொடங்கியது. "புகையிலை" என்று யாரோ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்படி ஒரு பாட்டு இறங்கி அடங்குகிற சத்தத்துக்கு எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான்: மிதிப்புத் தளர்ந்துவிட்டது. பின்வரிசையில் ஐயா நிமிர்ந்தார். அவருடைய வலது முழங்கால் வேட்டிக்குள் மேலே எழும்பி இறங்கியது. பிறகு இடது. பிறகு வலது. மனிதர் தன்னை அறியாமல் மிதிக்கத் தொடங்கிவிட்டார். வாங்கு ஆட, பக்கத்தில் இருந்த ஒரு தாயார் கைப்பையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார். ஐயா எவரையும் பார்க்கவில்லை. பாட்டு நின்றுவிடப் போகிறது, அதை நிற்கவிடக்கூடாது. அவருக்கு அந்த ஒரு கவலைதான்.

நான் அந்த முழங்கால்களைப் பார்த்துப் பாடினேன். வலதுக்கு ஒரு சொல், இடதுக்கு ஒரு சொல். சிநேகிதி என்னைப் பார்த்தாள், நான் பார்க்கிற திசையைப் பார்த்தாள், அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுடைய பாதங்களும் ஆர்மோனியப் பலகைகளில் அதே வேகத்தில் இறங்கின. கீழே ஒருவர் மிதிக்க, மேலே ஒருத்தி மிதிக்க, நடுவில் நான் ஓடி வருகிறேன், ஓடி வருகிறேன் என்று சொல்லி நடந்து வந்தேன்.

சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது. கடைசிப் பகுதியில் முன்வரிசைப் பிள்ளைகள் சிலர் கூடவே முனகினார்கள். தங்களுக்குத் தெரிந்த பாட்டு இவ்வளவு நேரம் எடுத்து வருவதை அவர்கள் அதற்குமுன் கேட்டிருக்க மாட்டார்கள். கடைசிச் சொல்லை நான் விட்ட பிறகும் ஐயாவின் முழங்கால்கள் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் நின்றன.

முதற்பரிசு வேறொருத்திக்குப் போனது. அவள் நன்றாகத்தான் பாடினாள்; அவளுடைய பாட்டை இப்போது யாருக்கும் நினைவில்லை என்று நான் சொன்னால் அது என் வாய்க்கொழுப்பு. எனக்கு இரண்டாம் பரிசு.

நிகழ்ச்சி முடிந்து ரீச்சர் ஐயாவைத் தேடி வந்தார். ஐயா சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழும்பி நின்றார்.

"உங்கடை மகள் அந்தப் பாட்டை முழுக்க மாத்தி, வேறை மாதிரிப் பாடினா. கேக்க நல்லா இருந்தது. வீட்டிலை ஆர் பழக்கினது?"

"நான்தான் ரீச்சர்."

"அப்பிடியோ! சங்கீதம் படிச்சனீங்களோ?"

"இல்லை ரீச்சர். நான் மிதிச்சனான். பாடினது அவர்."

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சிநேகிதி ஆர்மோனியத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். கதையை அவள் அன்றே முன்வரிசை முழுவதற்கும் சொல்லிவிட்டாள் என்பது திங்கட்கிழமை தெரிந்தது. வகுப்புக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு புதுப் பெயர் காத்திருந்தது: டைனமோ. சுற்றினால் வெளிச்சம் கொடுக்கிற சாமான். நான் மறுப்புச் சொல்லவில்லை.

வெள்ளி பின்னேரம் நாங்கள் திரும்பியபோது எதிர்க்காற்று. ஐயா முன்னுக்குக் குனிந்து மிதித்தார். ஆனைக்கோட்டை தாண்டியதும், "என்ன பிள்ளை, வாய்மூடிக்கொண்டு வாறாய்? அவரைப் போடன்," என்றார்.

நான் கரியரில் இருந்தபடி பாடினேன். சைக்கிள் தன்பாட்டில் அந்த வேகத்துக்கு இறங்கியது. எங்களுக்குப் பின்னால் வந்த சைக்கிள்கள் எல்லாம் முந்திக்கொண்டு போயின; ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மானிப்பாய்ச் சந்திக்குக் கிட்ட வர, மேற்கே வெளிச்சம் இறங்கிவிட்டது. ஐயா வானத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, இவரோடை போனால் கொம்மா தேடப்போறா," என்றார். "அவவைப் போடு."

போட்டேன். ஐயா சீற்றிலிருந்து எழும்பி மிதித்தார்.